அட்டை சொன்ன தூரம்

காரைப்பட்டி ஜமீன்தாரின் வேட்டைத் துப்பாக்கி அவருடைய புது மோட்டார் காருக்குள் அடங்கவில்லை. குழலில் ஒரு சாண் அறுக்கச் சொன்னார். அறுத்தார்கள். அன்றிலிருந்து முந்நூறு கஜத்தில் வைத்த பானை ஒன்றுகூட உடையவில்லை. எந்தத் தூரத்துக்கு எவ்வளவு உயர்த்திக் குறிபார்ப்பது என்று துப்பாக்கியோடு வந்த அட்டையில் அச்சிட்டிருந்தது. அதன்படியே சுட்டும், குண்டு பானைக்குக் கீழே மண்ணில் புதைந்தது.

"குழல் குட்டையானா குண்டோட வேகம் குறையும், எசமான். சீக்கிரமே தாழ்ந்துடும்," என்றான் துப்பாக்கி துடைக்கும் சன்னாசி.

"அட்டை பொய் சொல்லுமாடா? நீ துடைக்கிற லட்சணம் அப்படி. நாளைக்கு விருந்தாளிங்க முன்னால அட்டைப்படிதான் சுடுவேன். பானை உடையலேன்னா உனக்கு இங்கே வேலை இல்லை."

"உடையும், எசமான்."

மறுநாள் சன்னாசியே போய்ப் பானையை வைத்தான். ஜமீன்தார் அட்டையைப் பார்த்து, முந்நூறு கஜத்துக்கு உரிய அளவு உயர்த்திச் சுட்டார். பானை சிதறியது.

"அட்டை பொய் சொல்லாதுன்னேனே," என்று விருந்தாளிகளைப் பார்த்துச் சிரித்தார்.

அவர்களில் ஒருவர் பழைய பட்டாளத்துக்காரர். உடைந்த பானை வரைக்கும் அடி வைத்து எண்ணிவிட்டு வந்து, "இருநூற்றைம்பது கஜம்தானே இருக்கு?" என்றார்.

ஜமீன்தார் சன்னாசி பக்கம் திரும்பினார். "மீதி ஐம்பது எங்கேடா?"

"எசமான் குழலை வெட்டினீங்க. அட்டையும் பொய்யாகக் கூடாதுன்னீங்க. அதான் நான் மைதானத்தை வெட்டினேன்."

பட்டாளத்துக்காரர் சிரித்து அடங்க வெகுநேரம் ஆயிற்று. பானை உடைந்துவிட்டதால் சன்னாசியை வேலையை விட்டு நீக்கவும் வழியில்லை.