மீன் சாகாத தொட்டி

சத்தியம், சத்தியம், முக்காலும் சத்தியம்! இதில் ஓரெழுத்து பொய்யென்றால் என் வாயில் மிச்சமிருக்கும் நாலு பல்லும் இன்றைக்கே உதிரட்டும். ஊர்ப் பெயரை மட்டும் சொல்லமாட்டேன். அது பொய்யில் சேராது. ஒரு பரிசுக்கு மூன்று பேர் மல்லுக்கட்டும் கதைகளை நிறையக் கேட்டிருப்பீர்கள். இது ஒரு பழிக்கு ஆளே கிடைக்காத கதை.

அந்த ஊரில் ஒரு வாய்க்கால். அடுத்த கோடைக்கு வெள்ளைக்காரர்கள் என்ன நிறத்தில் பனியன் போடுவார்கள் என்பதை அதை எட்டிப் பார்த்தே சொல்லிவிடலாம். ஒருமுறை அதில் முங்கி எழுந்த காக்கை பச்சையாகிவிட்டது. கிளி ஜோசியக்காரன் அதைப் பிடித்துப் போய்ச் சீட்டெடுக்கப் பழக்கினான். கிளியைவிட நன்றாகவே எடுத்ததாம்.

அங்கே சாயப்பட்டறையும் பனியன் கம்பெனியும் நடத்தியவர் குழந்தைவேலு. "தண்ணீரைக் கெடுக்காத துணியென்றால்தான் வாங்குவோம்" என்று வெளிநாட்டுக்காரர்கள் சொன்னதும், நிலத்தை விற்றுச் சுத்திகரிப்பு நிலையம் கட்டினார். அதில் சுத்தமான நீரை வாசலில் ஒரு கண்ணாடித் தொட்டியில் நிரப்பி, சாட்சிக்கு ஆறு மீன்களை விட்டார். மிச்ச நீர் குழாய் வழியே பக்கத்துத் தென்னந்தோப்புகளுக்குப் போனது.

முதல் தோப்பு சென்னியப்பனுடையது. அவன் அக்கா மயிலாத்தா பட்டறையில் கூட்டிப் பெருக்குகிறவள். தண்ணீரைத் திறந்துவிடும் முன் அவளிடம் கேட்டான்.

"அக்கா, நம்பி உடலாமா?"

"மீனு நீந்துதுடா. ஒண்ணு செத்தாலும் அன்னைக்கே வந்து சொல்லிப்போடறேன், போதுமா?"

தொட்டியைப் பார்த்துக்கொள்ள மாரப்பன் என்று ஒருவன் இருந்தான். ஒருநாள் காலையில் வந்து, "மீனு செத்துப்போச்சுங்க மொதலாளி. உப்பு வடிகட்டி கிழிஞ்சிருக்குமாட்ட இருக்குது" என்றான்.

குழந்தைவேலு கணக்குப் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை. "மீன் செத்துதுன்னு சொல்றதுக்கா உன்னை வெச்சேன்? சாகாம பாத்துக்கறதுக்கு வெச்சேன். கெளம்பு."

அந்த வேலை மயிலாத்தாவுக்கு வந்தது. புது மீன்களை வாங்கி விட்டாள். மறுநாள் விடிந்தபோது மூன்று மீன்கள் வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்தன. முந்தானையை உதறிச் செருகிக்கொண்டு தம்பி தோப்புக்கு நடந்தாள். பாதி வழியில் கம்பெனி வேன் எதிரே வந்தது. உள்ளே, கம்பெனியின் முன்னூறு பெண்களில் ஒருத்தியாகப் பனியன் தைக்கப் போகிற அவள் மகள் சுகந்தி. "எங்கம்மா இந்தப் பக்கம்?" என்று சன்னலில் கையாட்டினாள். விஷயம் வெளியே போனால் பட்டறையை மூடுவார்கள், இந்த வேனும் நிற்கும். மயிலாத்தா திரும்பிவிட்டாள். தொட்டியைக் கழுவி, கம்பெனிக்குக் குடிக்க வரும் லாரித் தண்ணீரை நிரப்பினாள்.

அதற்குப்பின் ஒரு மீனும் சாகவில்லை. ஆகவே தம்பியிடம் சொல்லவும் ஒன்றுமில்லை. இப்படித்தான் அவள் தன்னைத் தேற்றிக்கொண்டாள். ஒன்றரை வருஷம் காலையில் மீனுக்குப் பொரி போட்டாள், சாயங்காலம் தம்பி தோப்பில் பிஞ்சுக் குரும்பைகள் கொட்டிக் கிடப்பதைப் பார்த்து, "வெயிலு கொஞ்சமாவா அடிக்குது?" என்றாள்.

துணி வாங்கும் வெளிநாட்டுக்காரர்கள் சார்பில் சோதனைக்கு ஷெர்லி என்ற பெண் வந்தாள். குழந்தைவேலுவுக்கு ஒரே உற்சாகம். தொட்டியிலிருந்து ஒரு டம்ளர் மொண்டு தானும் குடித்து, அவளுக்கும் கொடுத்தார். சாட்சி சொல்லச் சென்னியப்பனையும் வரவழைத்திருந்தார்.

ஷெர்லி குடித்துவிட்டு உதட்டைத் துடைத்தாள். "சார், இந்த ஊர்ல நான் குடிச்சதுலயே இதுதான் நல்ல தண்ணி. மூட்டை மூட்டையா உப்பு போட்டுச் சாயம் ஏத்தின தண்ணி எப்படி சார் இனிக்கும்?"

அவள் ஒரு வாளியில் தோப்புக் குழாய் நீரைப் பிடித்து, தொட்டியிலிருந்து ஒரு மீனை எடுத்து அதில் விட்டாள். மீன் ரெண்டு சுற்றுச் சுற்றியது. பிறகு சாய்ந்தது.

சென்னியப்பன் வாளியைப் பார்க்கவில்லை. அக்காவைப் பார்த்தான். "அக்கா, மீனு செத்துப்போச்சு. சொல்றன்னு சொன்னியே?"

மயிலாத்தா செத்த மீனை வாளியிலிருந்து எடுத்து முந்தானையில் பொதிந்துகொண்டாள்.

ஷெர்லி கண்டதை எழுதினாள். ஆர்டர் போயிற்று, பட்டறையும் பனியன் கம்பெனியும் மூடிக்கொண்டன, முன்னூறு பெண்கள் வீட்டுக்குப் போனார்கள். சுகந்தி எங்கோ தூரத்து மில் விடுதிக்குப் பஸ் ஏறினாள். அதே ஆர்டர் இன்னோர் ஊருக்குப் போனது. அங்கே வடிகட்டியும் இல்லை, தொட்டியும் இல்லை, ஆகவே சாகவும் மீனில்லை. சென்னியப்பன் தோப்பு மண்ணில் உப்பு பூத்து, மரமெல்லாம் மொட்டையாகிவிட்டது.

"எனக்குத் தெரியவே தெரியாது, நானே குடிச்சேனே!" என்றார் குழந்தைவேலு. "சொல்லியிருந்தா மாரப்பன் பின்னாலயே நானும் போயிருப்பேன்" என்றாள் மயிலாத்தா. "நான் இருந்ததை எழுதினேன், அவ்வளவுதான்" என்றாள் ஷெர்லி.

இப்போது நீங்கள் சொல்லுங்கள்: இந்த மூவரில் அந்தத் தோப்பைக் கொன்றது யார்?

என் கணக்கு இது. ஷெர்லி வந்தபோது தோப்பு ஏற்கெனவே செத்திருந்தது. அவள் செய்தது பிணத்தின் முகத்துணியை விலக்கியதுதான். மிச்சம் ரெண்டு பேர். குழந்தைவேலு தெரியாது என்கிறார். வடிகட்டி கிழிந்ததை மாரப்பன் அவர் முகத்துக்கு நேராகத்தான் சொன்னான். அவர் விரட்டியது ஆளை, கிழிந்ததைத் தைக்கவில்லை. 'மீன் சாகக்கூடாது' என்றாரே தவிர, 'தண்ணீர் நன்றாக இருக்கவேண்டும்' என்று ஒருநாளும் கேட்கவில்லை. கேட்டதை மயிலாத்தா கொடுத்தாள். ஆகவே கொன்றவர் அவரே. ஆனால் இந்தத் தீர்ப்பை மயிலாத்தாவிடம் சொல்லிப் பாருங்கள், அவள் ஒப்பமாட்டாள். கிழிந்த வடிகட்டிக்குத் தம்பி கிடையாது, அவளுக்கு இருந்தான். அவன் இப்போது வேறு ஊரில் கூலிக்குத் தேங்காய் உரிக்கிறான். அக்கா போன் போட்டால் எடுப்பதில்லை.

சரி, கிளம்புங்கள். யார் சொன்னது என்று மட்டும் மூச்சு விடாதீர்கள். அந்த மூன்று பேருமே இன்னும் என்னிடம் பேசுகிறவர்கள்.