செம்போத்து நின்று கேட்ட இடம்

ஒரு காட்டில், குழந்தைகளே, ஒரு வழக்கம் இருந்தது. யார் தலைவரானாலும் ஐந்து மழைக்காலம்தான். பிறகு பதவியை இன்னொருவரிடம் கொடுத்துவிட்டுக் கூட்டத்தோடு கூட்டமாக மேயப் போய்விட வேண்டும். அப்படிப் போய் ஓர் ஆண்டு கழிந்ததும், அவர் ஆண்டது எப்படி என்று காடு முழுவதும் கேட்பார்கள். பதவியில் இருப்பவரின் காதுக்கு உண்மை எட்டுவதில்லை என்பதை அந்தக் காடு அறிந்திருந்தது.

அந்தக் கோடையில் யானையின் ஆட்சியைப் பற்றிக் கேட்கும் முறை வந்தது. புதிய தலைவரான கடமான், செம்போத்தைக் கூப்பிட்டது. செம்போத்துக்குப் பொய் சொல்ல வராது.

"யானையார் ஓடையின் குறுக்கே பாறைகளை உருட்டி அணை கட்டினார். அதை இன்னும் ஒரு முழம் உயர்த்த வேண்டும் என்பது அவர் ஆசை. அவர் ஆண்டது நன்று என்று காடு சொன்னால், மழைக்கு முன்பே உயர்த்திவிடுவோம். தீது என்றால் விட்டுவிடுவோம். மூன்று நாளில் கேட்டு வா" என்றது கடமான்.

செம்போத்து அதிகம் பறக்காத பறவை. தத்தித் தத்தி ஒவ்வொரு வளையாகப் போனால் மழையே வந்துவிடும். 'கோடையில் எல்லோரும் தண்ணீருக்கு வந்துதானே ஆக வேண்டும்?' என்று நினைத்தது. அணையின் கரையில், ஒரு பெரிய மருதமரத்தின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டது.

முதலில் புள்ளிமான் வந்தது. "யானையாரா? என் குட்டி இன்று உயிரோடு இருப்பதே அவர் தேக்கிய தண்ணீரால்தான்" என்றது. அது சொல்லும்போதே அதன் கண் கலங்கியது.

அடுத்து வந்தது காட்டுப்பன்றி. "அவர் ஆண்டபோது அவரைத் திட்டித் திட்டி என் வாய் வலித்துப்போயிற்று. இப்போது பார், எப்பேர்ப்பட்ட சேறு! இதில் புரண்டுவிட்டு எந்த வாயால் திட்டுவது? நன்று!"

குரங்கு கிளையில் தலைகீழாகத் தொங்கியது. "அவர் நடந்தால் நான் இருக்கும் மரமே ஆடும், அக்கா. அப்போது பயத்தில் புகழ்ந்தேன். இப்போது தாகத்தில் புகழ்கிறேன். ஆக மொத்தம் நன்றுதான்!"

மூன்று நாளும் ஒரே குரல். செம்போத்துக்கு மனம் நிறைந்துவிட்டது. திரும்பும் வழியில் மூங்கில் புதரருகே யானை தனியாக நின்றிருந்தது.

"என்னைப் பற்றி என்ன சொல்கிறார்கள்?"

"நன்று, நன்று என்று காதே அடைத்துவிட்டது, ஐயா!"

யானையின் காதுகள் ஒரு கணம் அசையாமல் நின்றன. "முள்ளம்பன்றி என்ன சொன்னது?"

"முள்ளம்பன்றியா? அது தண்ணீருக்கு வரவே இல்லையே."

"அணையில் தண்ணீர் ஏறிய முதல் நாள் அது என்னிடம் ஏதோ சொல்ல வந்தது. எல்லோரும் ஆரவாரம் செய்துகொண்டிருந்தார்கள். எனக்குக் கேட்கவில்லை" என்றது யானை. "நானும் திரும்பக் கேட்கவில்லை."

செம்போத்து அப்படியே திரும்பியது. முள்ளம்பன்றிகள் ஓடைக்கு மேலே, கல்லும் முள்ளுமான குன்றுக்குப் போய்விட்டதாக ஓர் உடும்பு வழி சொன்னது. குன்றின் அடியில் அவை தோண்டிய வளைகள் தெரிந்தன. அணைநீர் அவற்றுக்கு அரை முழம் கீழே பளபளத்தது. ஒரு தாய் முள்ளம்பன்றி கிழங்கைக் கடித்து அதன் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டிருந்தது.

"தண்ணீர் இத்தனை பக்கத்தில் இருக்கிறதே, ஏன் குடிக்க வருவதில்லை?" என்று கேட்டது செம்போத்து.

"நீ எங்கே நின்று கேட்டாய்?"

"அணைக்கரையில், பெரிய மருதமரத்தின் பக்கத்தில்."

"அந்த மரத்துக்கு நேர் கீழே, இப்போது தண்ணீர் நிற்கிற இடத்தில்தான் எங்கள் பழைய வளை" என்றது முள்ளம்பன்றி. "தண்ணீர் ஏறியபோது இரண்டு குட்டிகளை இழுத்துவந்தேன். மூன்றாவதற்குத் திரும்பிப் போனேன். வாசல் இல்லை."

செம்போத்து கீழே பளபளத்த தண்ணீரைத் திரும்பிப் பார்த்தது. "அணையை உடைக்கச் சொல்லட்டுமா?" என்றது.

"ஏன், மான்குட்டி சாகவா? உடைக்க வேண்டாம். உயர்த்த வேண்டாம் என்று மட்டும் சொல். எனக்கு மிச்சம் இரண்டுதான் இருக்கின்றன."

மறுநாள் கூட்டம் கூடியது. "வழக்கப்படி ஒரே சொல்லில் சொல். நன்றா, தீதா?" என்றது கடமான்.

"நன்று!" என்று கூட்டமே முந்திக்கொண்டு கத்தியது.

"நான் தவறான இடத்தில் நின்று கேட்டுவிட்டேன்" என்றது செம்போத்து. "இதே கேள்வியைக் குன்றின் அடியில் நின்று கேட்க வேண்டும். எல்லோரும் அங்கே வாருங்கள்."

"இந்த வெயிலிலா? மூன்று நாள் கேட்டது போதாதா உனக்கு?" என்று பன்றி உறுமியது. "பெரிய நியாயக்காரி!" என்று குரங்கு பல்லைக் காட்டியது. ஆனால் யானை முதலில் நடந்தது. வேறு வழியின்றி மற்றவையும் நடந்தன.

குன்றடியில் வளைவாசலில் இரண்டு குட்டிகள் எட்டிப் பார்த்தன. புள்ளிமான் குட்டிகளைப் பார்த்தது, கீழே தண்ணீரைப் பார்த்தது. ஒரு முழம் எவ்வளவு என்று அதற்கு அப்போதுதான் தெரிந்தது. "நன்றா, தீதா?" என்று கடமான் கேட்டது. யாரும் வாய் திறக்கவில்லை. குரங்குகூட.

"அணை இருக்கும் உயரத்திலேயே இருக்கட்டும்" என்றது யானை. கடமான் தலையசைத்தது.

பிறகு யானை முள்ளம்பன்றியைப் பார்த்து, "நான் ஆண்டதை நீ என்னவென்று சொல்வாய்?" என்று மெல்லக் கேட்டது.

"தண்ணீர் இனிப்பாக இருக்கிறதாம். எல்லோரும் சொல்கிறார்கள். நான் இன்னும் குடித்துப் பார்க்கவில்லை, ஐயா."

யானை அணைநீரில் இறங்கியது. துதிக்கை நிறைய நீர் எடுத்துக்கொண்டு, கல் சறுக்கும் அந்தக் கரையில் மெதுவாக ஏறி வந்தது. வளைவாசலில் குழிந்திருந்த ஒரு பாறையில் அதை ஊற்றியது. குட்டிகள் ஓடிவந்து குடித்தன. தாயும் கடைசியில் குனிந்தது.

இனித்ததா என்று யானை கேட்கவில்லை. திரும்பி நடந்துபோயிற்று.

நீதி: ஒருவர் ஆண்ட விதத்தை அறிய விரும்புகிறவர், அவரால் தாகம் தீர்ந்தவரைக் கேட்டால் மட்டும் போதாது, அவரால் வீடிழந்தவரையும் தேடிப்போய்க் கேட்க வேண்டும்.