பக்கத்து நாற்காலி

கோவில்பட்டியில் ஒரு தையல் கடை மாடியில் நாச்சியார் டீச்சர் வகுப்பு நடத்தினார். கம்ப்யூட்டரைத் திருடர்களிடமிருந்து காக்கும் படிப்பு. பழைய கம்ப்யூட்டர்கள் சில, இலவசமாகக் கிடைக்கும் மென்பொருள்கள் ஆறு. பள்ளிக்கூடமே அவ்வளவுதான்.

முதலில் வந்து சேர்ந்தவர் சுடலைமுத்து. டீச்சரைவிட இருபது வயது மூத்தவர். எதைத் தட்டினாலும் ஒற்றை விரலால், ஒவ்வொரு எழுத்தையும் முணுமுணுத்துக்கொண்டே தட்டுவார்.

ஒருநாள் பால் சொசைட்டியிலிருந்து ஆள் வந்தது. தங்கள் கம்ப்யூட்டர்களில் திருடர்கள் நுழைய ஓட்டை இருக்கிறதா என்று சோதிக்க ஒருவர் வேண்டுமாம். மூன்று மாதம் முன்பு சேர்ந்த ஜெராக்ஸ் கடைப் பொன்ராணியை அனுப்புவதாக டீச்சர் சொல்லிவிட்டார்.

சுடலைமுத்துவுக்கு வயிறு எரிந்தது. இப்படி ஒரு வேலைக்காகத்தான் அவர் இரண்டு வருடமாகக் காத்திருந்தார்.

"அவளுக்கு மட்டும் தனியா என்ன சொல்லிக் கொடுத்தீங்க, டீச்சர்?"

"உங்களுக்குச் சொன்னதுதான், அண்ணாச்சி."

அவர் நம்பவில்லை. விலை உயர்ந்த மென்பொருள் எதையோ டீச்சர் அவளுக்கு ரகசியமாகக் கொடுத்திருக்க வேண்டும்.

தினமும் மதியம் பொன்ராணி கடைக்குப் போனதும் வகுப்பில் அவளுடைய கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தார். பாஸ்வேர்டை உடைக்கப் பார்த்தார். நான்காம் நாள் திறந்துகொண்டது.

உள்ளே அதே ஆறு மென்பொருள்கள். ஏழாவதாக ஒன்றும் இல்லை. ஒரு குறிப்பு மட்டும் இருந்தது: 'அண்ணாச்சி கம்ப்யூட்டரைச் சோதித்துப் பார்க்கலாமா என்று அவரிடம் கேட்டேன். வேண்டாம் என்றார். விட்டுவிட்டேன்.'

சுடலைமுத்து நேராக டீச்சரிடம் போனார்.

"அவகிட்டயும் அதே ஆறுதான் இருக்கு. அப்புறம் எதுக்கு அவளை அனுப்புறீங்க?"

"ஆறுதான் இருக்குன்னு யாரு சொன்னா?"

"நானே உடைச்சுப் பார்த்தேன்." பெருமையாகத்தான் சொன்னார்.

"அவகிட்ட கேட்டீங்களா?"

"கேட்டா விடுவாளா?"



"உடைக்க எத்தனை நாளாச்சு?"

"நாலு நாள்."

"உங்க பாஸ்வேர்டு அவளுக்கு மூணு மாசமாத் தெரியும், அண்ணாச்சி. தினமும் சொல்லிக்கிட்டேதான தட்டுறீங்க? பக்கத்து நாற்காலி அவளோடது."