கொக்கு ஒத்திகைக்கு வராத ஸ்கெர்ட்ஸோ

அல்லிக்குளத்தில் ஒரு கொக்கு சிம்பொனி நடத்திவந்தது. ஒற்றைக் காலில் நிற்கும். மற்றக் காலில் நாணல் குச்சியைத் தூக்கிப் பிடிக்கும். குச்சி அசைந்தால் தவளைகள் பாடும், மரங்கொத்தி தாளம் தட்டும்.

மெதுவான இடம் வந்தால் மட்டும் கொக்கு ஒரு சட்டம் போடும். "எல்லாரும் கண்ணை மூடுங்க! கண்ணைத் திறந்துக்கிட்டுப் பாடுறவனுக்கு இசையும் தெரியாது, மரியாதையும் தெரியாது!"

எல்லாத் தவளைகளும் மூடிக்கொள்ளும். கச்சேரி முடிந்தால் ஒரு தவளை குறையும். "வேற குளத்துக்குப் போயிருக்கும்" என்று மற்றவை பேசிக்கொள்ளும். அவ்வளவுதான்.

ஒரு நாள் காணாமல் போனது சிமிட்டி. அவளுடைய அக்கா பம்பை அன்று ஓரக்கண்ணைத் திறந்து பார்த்துவிட்டாள். கொக்கின் தொண்டையில் ஏதோ புடைத்துக்கொண்டு மெல்லக் கீழே இறங்கியது.

குளத்துத் தலைவர் அவளுடைய பெரியப்பாதான். நல்ல கொழுத்த தவளை. அவரிடம் ஓடினாள்.

"பெரியப்பா! சிமிட்டியை அந்தக் கொக்கு தின்னுருச்சு!"

"வாயைக் கழுவு! எவ்வளவு பெரிய வித்வான்! ஆமா, நீ எதுக்குக் கண்ணைத் திறந்தே?"

பம்பைக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தங்கை செத்துப்போனாள். இவருக்குக் கண்ணைத் திறந்ததுதான் குற்றம்!

நேரே கொக்கிடம் போனாள். "ஐயா, சிம்பொனியில மூணாவது பாட்டை மாத்துறோம். ஸ்கெர்ட்ஸோ பாடுறோம்."

கொக்கு சிரித்தது. "அந்தப் பேருக்கே வேடிக்கைன்னுதானே அர்த்தம்? கம்பீரமா மினுவெட் நடன இசை இருந்த இடத்துல கூத்தா? சரி, குதிச்சுத் தொலைங்க. அதுக்கெல்லாம் நான் ஒத்திகைக்கு வரமாட்டேன்!"

"வர வேண்டாம்."

ஒத்திகை நடந்தது. மும்மூன்று தட்டாக, மூச்சுவிட இடம் தராத வேகம். நடுவில் ட்ரியோ என்று ஓர் அமைதியான பகுதி.

"அது முடிஞ்சதும்?" என்றது மரங்கொத்தி.

"மறுபடி முதல்ல இருந்து, அதே வேகம். சொல்லாம கொள்ளாம இடி மாதிரி விழணும்."

"வேடிக்கைப் பாட்டுங்கிறே. இவ்வளவு கோபமா பாடுறியே!"

"வேடிக்கைன்னா இளிச்சுக்கிட்டேதான் பாடணுமா? தட்டு!"

கச்சேரி வந்தது. மெதுவான இரண்டாம் பாட்டு முழுக்க பம்பை கண்ணை மூடவே இல்லை. கொக்கையே முறைத்தாள். கொக்குக்குப் பசி தாங்கவில்லை. ஒன்றும் செய்ய முடியவில்லை.

பிறகு ஸ்கெர்ட்ஸோ. குளமே குதித்தது. அப்புறம் சட்டென்று அமைதி. ட்ரியோ மெதுவாக வழிந்தது. பழக்க தோஷம், தவளைகள் கண்ணை மூடின. பம்பையும் மூடுவதுபோல் மூடினாள்.

'அப்பாடா, குதிச்சு முடிச்சாச்சு' என்று நினைத்தது கொக்கு. குனிந்தது. பக்கத்தில் பெரியப்பா. லபக்!

டம்! டம்! டம்!

ஸ்கெர்ட்ஸோ திரும்பி வந்தது. எல்லாக் கண்ணும் ஒன்றாகத் திறந்தன. கொக்கின் அலகுக்கு வெளியே பெரியப்பாவின் கால்கள் உதைத்துக்கொண்டிருந்தன.

கொக்கு பதறி வாயைத் திறந்தது. "சும்மா... வேடிக்கைக்கு!"

பெரியப்பா பொத்தென்று தண்ணீரில் விழுந்தார்.

"என் தங்கச்சியையும் வேடிக்கைக்குத்தான் முழுங்கினியா?" பம்பை கத்தினாள். யாரும் பாட்டை நிறுத்தவில்லை. மரங்கொத்தி மரத்தை விட்டுவிட்டுக் கொக்கின் மண்டையில் தாளம் போட்டது. குச்சியைப் போட்டுவிட்டுக் கொக்கு பறந்தது பறந்ததுதான்.

பெரியப்பா இருமிக்கொண்டே வந்தார். "நீ அன்னைக்கே சொன்னேம்மா..."

"சொன்னேன். மூடினது கண்ணைத்தானே பெரியப்பா? காது என்ன ஆச்சு?"

சிமிட்டி திரும்பி வரவே இல்லை.

கண்ணை மூடச் சொல்பவன் எவ்வளவு பெரிய வித்வானாக இருந்தாலும், முதலில் அவன் வாயைத் திறந்து காட்டச் சொல்லுங்கள்.