மேடம் ஜன்னலைக் காட்டினார்

“இதுல என்னதான் குறை மேடம்? சொல்லித் தொலைங்களேன்!”

தில்லைநாயகம் கத்திவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். குருவிடம் இப்படியா பேசுவது?

எதிரே உட்கார்ந்திருந்த பேராசிரியர் செசிலியா சிரித்தார்.

இந்தக் கதையில் குருவுக்கு வயது முப்பத்தெட்டு. சீடருக்கு நாற்பத்தொன்று. சீடர் ஆறடி உயரம். குரு எழுந்து நின்றால் அவர் தோளுக்கு வரமாட்டார். அதற்கு நான் என்ன செய்ய முடியும்? நடந்ததைத்தானே சொல்ல வேண்டும்.

இருவரும் ஒரே துறையில் படித்தவர்கள். தில்லைநாயகம் சீனியர், செசிலியா ஜூனியர். ஜூனியர் மளமளவென்று படித்து முடித்து, வெளிநாடு போய்த் திரும்பி, அதே சர்வதேச உறவுகள் துறைக்குத் தலைவராகிவிட்டார். சீனியர் இழுத்து இழுத்து ஒருவழியாக அந்த ஜூனியரின் கீழேயே ஆய்வு செய்து முனைவர் பட்டம் வாங்கி, கௌரவ விரிவுரையாளராகக் காலம் தள்ளிக்கொண்டிருந்தார். கௌரவம் எல்லாம் பெயரில் மட்டும்தான்.

முன்பெல்லாம் செசிலியா அவரை ‘அண்ணே’ என்பார். இப்போது ‘டாக்டர்’. அவர் ‘செசி’ என்பதை விட்டு ‘மேடம்’ என்று மாறி வெகுநாள் ஆயிற்று.

விஷயம் இதுதான். வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்று, முனைவர் பட்டம் முடித்தவர்களுக்கு இரண்டு வருட ஆய்வு நல்கை கொடுக்கிறது. உலகம் முழுக்க ஆயிரம் பேர் மோதுவார்கள். பட்டம் வாங்கி ஐந்து வருடத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும். தில்லைநாயகத்துக்கு இது ஐந்தாவது வருடம். இதை விட்டால் போச்சு.

விண்ணப்பம் போய்ச் சேர இன்னும் சில நாள் இருந்தது. பரிந்துரைக் கடிதம் மட்டும் அன்று சாயங்காலத்துக்குள் இணையத்தில் ஏறியாக வேண்டும். செசிலியாதான் ஏற்ற வேண்டும். அவரோ மாட்டேன் என்கிறார்.

“குறையே இல்லை டாக்டர். அதான் பிரச்சினை.”

“புரியல மேடம்.”

“தலைப்பை மட்டும் படிங்க.”

தில்லைநாயகம் படித்தார். “அண்டை நாடுகளின் உறவு முறிவு: ஒரு கோட்பாட்டு மறுபார்வை.”

“போதும். முடிவை நான் சொல்லட்டுமா?” செசிலியா தாளைத் தொடவே இல்லை. “பக்கத்து நாட்டோட உறவு முறிஞ்சா எல்லாத் தொடர்பும் அறுந்துபோகுது. நம்பிக்கை போயிடுது. மறுபடி ஒட்ட ரொம்ப நாளாகுது. சரியா?”

சரிதான். கடைசிப் பக்கத்தில் அதுவேதான் இருந்தது. கொஞ்சம் அலங்காரமாக இருந்தது, அவ்வளவுதான் வித்தியாசம்.

“முடிவு இப்பவே தெரிஞ்சுபோச்சு. அப்புறம் எதுக்கு ரெண்டு வருஷம் அங்க போய்க் குளிர்ல நடுங்கணும்?”

“விண்ணப்பம்னா அப்படித்தானே எழுதுவாங்க? இதை நிரூபிப்பேன், அதை நிலைநாட்டுவேன்னு சொன்னாத்தானே கொடுப்பாங்க?”

“ஆயிரம் பேரும் அதையேதான் சொல்லப்போறாங்க.”

“அப்ப நான் என்னதான் சொல்லட்டும்?”

“எனக்குப் பதில் தெரியாத ஒரு கேள்வியைக் கேளுங்க. உடனே கடிதம் தரேன்.”

நியாயமா இது? கடைசி நாளில் வந்து நிற்கிற ஆளிடம் விடுகதை போடுவதா? எனக்கே கோபம் வருகிறது. தில்லைநாயகத்துக்கு வராதா?

“சரி, கேக்கறேன். அணு ஆயுதம் வெச்சிருக்கிற நாடுகள் ஏன் முழுசா மோதிக்கிறதில்லை?”

“மூணு பதில் இருக்கு. மூணும் பாடப் புத்தகத்துல இருக்கு.”

“சின்ன நாடு பெரிய நாட்டை எப்படி மிரட்டுது?”

“அதுக்கு உங்க முனைவர் பட்ட ஆய்வே இருக்கே. நல்லா எழுதியிருந்தீங்க.”

“மூணாவது உலகப் போர் எப்ப வரும்?”

“அது ஜோசியம்.”

தில்லைநாயகத்துக்கு முகம் சிவந்துவிட்டது. விண்ணப்பத்தைப் புரட்டி மூன்றாம் பக்கத்தை மேஜைமேல் விரித்தார்.

“இதைப் பாருங்க மேடம். எவ்வளவு உழைச்சிருக்கேன்! தூதரைத் திரும்பக் கூப்பிட்டாங்க. ரயில் நின்னுச்சு. விமானம் நின்னுச்சு. வியாபாரம் நின்னுச்சு. கிரிக்கெட் நின்னுச்சு. ஒப்பந்தம் போட்டுக் கொடுத்துட்டிருந்த ஆத்துத் தண்ணிக் கணக்கு நின்னுச்சு. மருந்து நின்னுச்சு மேடம், மருந்து! எல்லாமே நின்னுபோச்சு!”

“எல்லாமேயா?”

“எல்லாமே!”

வெளியே காற்று ஓங்கி அடித்தது. கடற்கரைக்கு எதிரே இருக்கிற கட்டடம் அது. வங்கக் கடலில் புயல் என்று மாணவர்களைக் காலையிலேயே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

செசிலியாவின் செல்போன் அடித்தது. எடுத்து, “சொல்லுங்க சார்,” என்றார். அந்தப் பக்கம் யாரோ பெரிய இடம் போலிருக்கிறது. ‘ம்’ கொட்டிக்கொண்டே இருந்தார்.

‘ம்’ கொட்டியபடியே தில்லைநாயகத்தைப் பார்த்தார். கையை நீட்டி ஜன்னலைக் காட்டினார்.

தில்லைநாயகம் ஜன்னலைப் பார்த்தார். மழை பெய்துகொண்டிருந்தது.

மறுபடியும் விரல் நீண்டது. இந்தத் தடவை கொஞ்சம் வேகமாகவே நீண்டது.

அவருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. தாள்களை அப்படியே மேஜைமேல் போட்டுவிட்டு விறுவிறுவென்று வெளியேறினார்.

படி இறங்கும்போது புலம்பிக்கொண்டே இறங்கினார். “நோட்ஸ் எழுதிக் கொடுத்தது நான். நேர்காணலுக்குத் துணையாப் போனது நான். வாசலைக் காட்டினாலாவது வெளியே போன்னு அர்த்தம். ஜன்னலைக் காட்டினா? குதிச்சுத் தொலைன்னா?”

எதிரே ஒரு டீக்கடை. பாதி ஷட்டரை இறக்கிவிட்டிருந்தார்கள். உள்ளே டிவி ஓடிக்கொண்டிருந்தது. தில்லைநாயகம் குனிந்து நுழைந்து ஒரு டீ சொன்னார்.

டிவியில் ஒரு பெண் புயலின் பெயரைச் சொன்னார். அது எந்த நாடு வைத்த பெயர் என்றும் சொன்னார்.

கீழே எழுத்து ஓடிக்கொண்டிருந்தது. அதே நாட்டோடு நடக்க இருந்த பேச்சுவார்த்தை ரத்து.

தில்லைநாயகம் டம்ளரை வாயருகே கொண்டுபோனவர் அப்படியே நின்றார்.

இந்தக் கடலைச் சுற்றியுள்ள நாடுகள் கூடி உட்கார்ந்து புயல்களுக்குப் பெயர் எழுதி வைத்திருக்கின்றன. முறை வைத்து ஒவ்வொரு நாட்டின் பெயராக எடுப்பார்கள். எச்சரிக்கையும் எல்லா நாட்டுக்கும் போகும். இது தில்லைநாயகத்துக்குத் தெரியாததா? வகுப்பில் பாடமே நடத்தியிருக்கிறார். மூன்றாம் பக்கத்தை எழுதும்போது மட்டும் நினைவுக்கு வரவில்லை.

‘எல்லாமேயா?’ என்று மேடம் கேட்டது இப்போதுதான் காதில் விழுந்தது. ஜன்னலைக் காட்டிய விரல் கண்முன்னால் வந்து நின்றது.

“ஐயோ!” என்று கத்தினார்.

“சூடு ஜாஸ்தியா சார்?” என்றார் கடைக்காரர்.

“பிரமாதங்க!” என்று டம்ளரை வைத்துவிட்டு ஓடினார்.

மழையில் ஓடினார். நாற்பத்தொரு வயதுக்காரர் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு படிகளைத் தாவித் தாவி ஏறினார். யாராவது பார்த்திருந்தால் மனுஷனுக்கு என்னமோ ஆகிவிட்டது என்றுதான் நினைத்திருப்பார்கள்.

செசிலியா அப்போதுதான் போனை வைத்துவிட்டுப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டிருந்தார்.

“மேடம், கேள்வி!” மூச்சு வாங்கியது. “எல்லாம் நின்னுச்சு. புயல் எச்சரிக்கை மட்டும் ஏன் நிக்கல?”

“இதென்ன பெரிய கேள்வி? உயிர் சம்பந்தப்பட்டது. மனிதாபிமானம்.”

“மருந்து உயிர் சம்பந்தப்பட்டது இல்லையா? அது நின்னுச்சே!”

செசிலியா பையைக் கீழே வைத்தார்.

“ஒப்பந்தம் இருக்கும்.”

“ஆத்துத் தண்ணிக்கும்தான் ஒப்பந்தம் இருந்துச்சு!”

“ரெண்டு பேருக்கும் லாபம். அதனால விடல.”

“வியாபாரத்தை என்ன, நஷ்டத்துக்கா பண்ணிட்டிருந்தாங்க?”

செசிலியா நாற்காலியில் உட்கார்ந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

“மேலிடத்துல யாராவது, இதை மட்டும் விட்டு வைங்கன்னு சொல்லியிருப்பாங்க.”

“அங்கதான் மேடம் இருக்கு!” தில்லைநாயகம் ஈரக் கையால் மேஜையைத் தட்டினார். “விட்டு வைங்கன்னு யாராவது சொன்னாங்களா? இல்ல, இதையும் நிறுத்தலாம்னு யாருக்குமே தோணலையா? ரெண்டும் வேற வேற இல்லையா? யோசிச்சு விட்டு வெச்சாங்கன்னா அது ராஜதந்திரம். மறந்துபோய் விட்டுட்டாங்கன்னா?”

“மறந்துபோய் விட்டுட்டாங்கன்னா?”

“நான் போய் அதிகாரிங்ககிட்ட இதைக் கேட்டா, அதுவே ஞாபகப்படுத்தின மாதிரி ஆயிடாதா? அப்புறம் நிறுத்திட்டாங்கன்னா? கேக்காமலே எப்படிக் கண்டுபிடிக்கிறது? எனக்குத் தெரியல மேடம்!”



“எனக்கும் தெரியல,” என்றார் செசிலியா.

சொல்லிவிட்டுத் துள்ளி எழுந்தார். நாற்காலி பின்னால் போய் அலமாரியில் இடித்தது.

“எனக்கும் தெரியலண்ணே!”

மடிக்கணினியைத் திறந்தார். கடிதத்தைப் போன வாரமே எழுதி வைத்திருந்தார் அந்தக் கள்ளி! கடைசி வரியை மட்டும் எழுதாமல் விட்டிருந்தார். இப்போது அதைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டே தட்டினார்.

“இவர் கேட்டிருக்கும் கேள்விக்கு... எனக்கு... பதில் தெரியாது.”

தட்டி முடித்து ஒரு பொத்தானை அழுத்தினார்.

“போயிடுச்சு!”

தில்லைநாயகத்துக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. வாசலிலேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். சட்டையிலிருந்து தண்ணீர் சொட்டியது.

“ஆய்வு முறையைப் புதுசா எழுதணும். மூணாம் பக்கத்தைக் கிழிச்சுப் போடணும். இன்னிக்கே உக்காரப்போறேன் செசி! எல்லாம் உன்னாலதான்.”

“நான் என்னண்ணே பண்ணேன்?”

“என்ன பண்ணியா? எல்லாமேயான்னு கேட்டே. அப்புறம் ஒரு வார்த்தை பேசாம ஜன்னலைக் காட்டினே பாரு... அடேங்கப்பா! நான் மடையன். அது புரியறதுக்கு டீக்கடை வரைக்கும் போக வேண்டியிருந்துச்சு.”

செசிலியா அவரையே பார்த்தார். பிறகு ஜன்னலைப் பார்த்தார். பிறகு மேஜையைப் பார்த்தார்.

தில்லைநாயகமும் பார்த்தார். அவர் விட்டுப்போன விண்ணப்பம் சாரலில் நனைந்து கூழாகிக் கிடந்தது.

“எனக்கு அந்தக் கொக்கி எட்டாதுண்ணே,” என்றார் செசிலியா. “இப்பவாவது கொஞ்சம் சாத்துறீங்களா?”