பச்சை வந்த பிறகு

“உலகத்துல நல்ல பேட்டரின்னு ஒண்ணு இருக்கா, இல்லையா? அதை மட்டும் சொல்லுங்க டீச்சர்.”

செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே பொன்னுலிங்கம் கேட்டுவிட்டார்.

பியூலா தலையைத் தூக்கவில்லை. ஒரு கேமரா ஃபிளாஷின் வயிற்றைத் திறந்து வைத்து உள்ளே எதையோ பற்றவைத்துக்கொண்டிருந்தாள்.

“இருக்கு அண்ணாச்சி. உக்காருங்க.”

“நான் உக்கார வரலை.”

உட்கார்ந்தார்.

பாளையங்கோட்டையில் ஒரு மாடி அறை அது. பியூலாவுக்கு வயது முப்பத்து மூன்று. ஐ.டி.ஐ.யில் நாலு வருஷம் எலெக்ட்ரானிக்ஸ் சொல்லிக்கொடுத்துவிட்டு, அது பிடிக்காமல் ஃபிளாஷ் ரிப்பேருக்கு வந்தவள். சுற்று வட்டாரத்தில் கல்யாணப் படம் எடுக்கிற அத்தனை பேருக்கும், தலை நரைத்தவர்களுக்கும்கூட, அவள் டீச்சர்தான்.

பொன்னுலிங்கத்துக்கு ஐம்பத்து நாலு. யாரிடமும் பாடம் கேட்கிற ஆள் இல்லை. இவளிடம் மட்டும் கேட்பார். கேட்டுவிட்டு இவளோடு சண்டையும் போடுவார்.

ஃபிளாஷும் சார்ஜரும் இருந்த பையைக் காலடியில் வைத்துவிட்டு, மடியில் இருந்த கைக்குட்டையை அவிழ்த்தார். நாலு பேட்டரிகள் உருண்டன. போலீஸ்காரர் திருடர்களைக் கொண்டுவந்து நிறுத்துகிற மாதிரி அவற்றை மேஜையில் வரிசையாக நிறுத்தினார்.

“ஒருத்தன் ரெண்டாயிரம் எம்.ஏ.ஹெச். போட்டதை வாங்குங்கான். இன்னொருத்தன் ரெண்டாயிரத்து எழுநூறுதான் தாங்கும்ங்கான். அதை வாங்கினா, பையில சும்மா கிடந்தே வத்திப்போகுது. ஆயிரம் தடவை ஏத்தலாம்னு அட்டையில போட்டிருக்கான். எவன் ஏத்தி எண்ணிப் பாத்தான்? அவனைக் கொண்டாங்க, நான் பாக்கணும்!”

“இப்ப என்ன ஆச்சு?”

“ஞாயித்துக்கிழமை வள்ளியூர்ல கல்யாணம். காலையில நல்லாத்தான் அடிச்சுது. மாப்பிள்ளை தாலியைக் கையில எடுக்கான். கெட்டிமேளம் கொட்டுதான். நான் அமுக்குதேன். வெளிச்சம் வரலை டீச்சர். மூணு முடிச்சும் இருட்டு.”

“வீடியோ இருக்குமே?”

“செவுத்துல வீடியோவையா மாட்டுவாங்க?”

இதற்கு மேல் நடந்ததை அவர் தாழ்ந்த குரலில், வேகவேகமாகச் சொன்னார்.

பேட்டரிகளுக்குச் சார்ஜ் போடுவது அவருடைய மச்சினன் இசக்கியப்பனின் பொறுப்பு. இருபத்திரண்டு வருஷமாக அவர் படம் எடுப்பார், மச்சினன் பையைச் சுமந்துகொண்டு பக்கத்தில் நிற்பான். தாலி ஏறிய அந்த நிமிஷத்திலேயே பொன்னுலிங்கம் திரும்பி, மைக்கே தேவைப்படாத சத்தத்தில், மண்டபம் முழுக்கக் கேட்கும்படி அவனைக் கிழித்துவிட்டார். சார்ஜ் ஏற்றாமல் கொண்டுவந்து கழுத்தை அறுத்துவிட்டான் என்றார். பொய் சொல்லுகிறான் என்றார். இனி என் கூட வராதே என்றார்.

“அவரு என்ன சொன்னாரு?”

“என்ன சொல்லுவான்? ‘பச்சை வந்த பொறவுதான எடுத்தேன் அத்தான்’னான். அவ்வளவுதான். பையை நாற்காலியில வெச்சான். பந்தியில உக்காராமலே போயிட்டான்.”

கல்யாண வீட்டில் சாப்பிடாமல் போவது எத்தனை பெரிய கோபம் என்று அவருக்குத் தெரியாதா? தெரியும். அதனால்தான் இத்தனை சத்தம். நாலு நாளாக வீட்டில் பெண்டாட்டி சோறு போடுகிறாள், பேச்சை மட்டும் போடுவதில்லை. தம்பியாயிற்றே அவளுக்கு.

“வார ஞாயித்துக்கிழமை இன்னொரு கல்யாணம். அவன் இல்லாமலே பாத்துக்கிடுவேன். நீங்க நல்ல பேட்டரியா, நல்ல சார்ஜரா சொல்லுங்க. ஆளு எதுக்கு?”

பியூலா பற்றவைக்கும் கம்பியைக் கீழே வைத்தாள். மீட்டரை எடுத்து நாலு பேட்டரியையும் தொட்டுப் பார்த்தாள். நாலும் கிட்டத்தட்ட ஒரே எண்ணைக் காட்டின.

“பாத்தீங்களா! நாலும் கூட்டுக் களவாணி.”

அவள் நாலையும் அவருடைய ஃபிளாஷில் போட்டு அவர் கையில் கொடுத்தாள்.

“அடிங்க.”

அடித்தார். சுவர் வெளுத்தது. மறுபடி அடித்தார். மூன்றாவது தடவைக்குப் பிறகு ஃபிளாஷ் முனகிக்கொண்டே இருந்தது. பின்னால் எரிய வேண்டிய சின்ன விளக்கு எரியவே இல்லை.

அவள் பேட்டரிகளை வெளியே எடுத்து மறுபடி மீட்டரை வைத்தாள். மூன்றின் எண் அப்படியே இருந்தது. ஒன்றின் எண் மட்டும் கீழே இறங்கிக் கிடந்தது.

“இந்தச் சனியன்தானா!”

பொன்னுலிங்கம் அதைப் பிடுங்கிக்கொண்டு ஜன்னலுக்குப் போனார்.

“கீழ வைங்க அண்ணாச்சி.”

அதட்டல் என்றால் வகுப்பறை அதட்டல். வைத்துவிட்டார்.

அவள் அந்தப் பேட்டரியைத் திருப்பிப் பார்த்தாள். தலைப்பக்கம் மஞ்சள் நிறத்தில் ஒரு பொட்டு இருந்தது. மற்ற மூன்றிலும் சிவப்புப் பொட்டு.

“இது யாரு வெச்சது?”

“அவன்தான். அவன் பொண்டாட்டி நெயில் பாலிஷ். ஒரே நாள்ல வாங்கின நாலுக்கும் ஒரே கலரு. ஒண்ணா ஏறணும், ஒண்ணா இறங்கணும்பான். பேட்டரிக்குச் சாதகம் பாக்கதுக்கு இவன் ஒருத்தன்தான்.”

“அப்ப சிவப்புக்கு நடுவுல மஞ்சள் எப்படி வந்துது?”

பொன்னுலிங்கம் இருமினார். போன வாரம் ஒரு காதுகுத்து வீட்டில், அவசரத்தில், கையில் கிடைத்ததை எல்லாம் பையில் அள்ளிப் போட்டது அவரேதான். அடித்து முடித்ததும் அடிக்காததும் ஒன்றாகக் கிடந்தன.

அவள் கையை நீட்டினாள்.

“சார்ஜரைக் குடுங்க.”

பேட்டரி வாங்கியபோது கூடவே சும்மா கொடுத்த சார்ஜர் அது. நாலு குழி, இரண்டு விளக்கு. நாலு விளக்கு வைத்தது வாங்குவோம் அத்தான் என்று மச்சினன் இரண்டு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தான். சும்மா வந்ததை வைத்துக்கொண்டு இன்னொன்று எதற்கு என்று அவர் இரண்டு வருஷமாக அவன் வாயை அடைத்துக்கொண்டிருந்தார்.

பியூலா மஞ்சளையும் ஒரு சிவப்பையும் பக்கத்துப் பக்கத்தில் போட்டாள். இரண்டுக்கும் பொதுவான விளக்கு சிவப்பாக எரிந்தது.

“நீங்களே பாத்துக்கிடுங்க. முடிஞ்சதும் நீங்களே எடுங்க.”

அவள் திரும்பிக்கொண்டு தன் வேலையைப் பார்த்தாள். அவர் காவல் இருந்தார். சொன்னால் நம்பமாட்டீர்கள், கண்ணைக்கூடச் சரியாகச் சிமிட்டவில்லை. கால் மணி நேரம் ஆவதற்குள் விளக்கு பச்சையானது.

“பச்சை டீச்சர்!”

“எடுத்துப் போடுங்க.”

மஞ்சளையும் மூன்று சிவப்பையும் ஃபிளாஷில் போட்டார். அடித்தார். இரண்டாவது, மூன்றாவது, நாலாவது. அவர் முகம் மலர்ந்தது. ஏழாவது, எட்டாவது.

ஒன்பதாவது வெளிச்சம் வரவில்லை.

ஃபிளாஷ் முனகியது. வள்ளியூர் மண்டபத்தில் கேட்ட அதே முனகல்.

பியூலா திரும்பி அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

“சார்ஜ் ஏறு முன்னாலயே எடுத்துட்டீங்க.”

“என்னது?”

“முழுசா ஏறலை. அவசரத்துல எடுத்துப் போட்டிருக்கீங்க.”

“நான் எங்க அவசரப்பட்டேன்? பாத்துக்கிட்டே இருந்தேனே!”

“சும்மா பொய் சொல்லாதீங்க அண்ணாச்சி.”

பொன்னுலிங்கம் எழுந்த வேகத்தில் நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. முப்பது வருஷத்தில் இப்படி ஒரு வார்த்தையை யாரும் அவர் முகத்துக்கு நேரே சொன்னதில்லை. அதுவும் மகள் வயசில் ஒருத்தி. காது மடல் சிவந்துவிட்டது.

“யாரைப் பாத்துப் பொய் சொல்லுதேன்ங்கீங்க? நானா? இந்த இடத்தை விட்டு அசையாம கண்ணு வெச்சுப் பாத்திருக்கேன்! பச்சை வந்த பொறவுதான எடுத்தேன்!”

கீழே டீக்கடையில் பேசிக்கொண்டிருந்தவர்கள்கூட ஒரு நிமிஷம் நிறுத்தினார்கள்.

பியூலா பார்த்துக்கொண்டே இருந்தாள்.

பொன்னுலிங்கத்தின் வாய் திறந்தபடி இருந்தது. கையில் இருந்த ஃபிளாஷ் மட்டும் முனகிக்கொண்டிருந்தது. அவர் அதை அணைத்தார். பிறகு குனிந்து, விழுந்த நாற்காலியை நிமிர்த்தி அதில் உட்கார்ந்தார்.

சின்னக் குரலில் கேட்டார்.

“அப்ப பச்சை ஏன் வந்துது?”

“சிவப்புக்கு வயிறு நெறஞ்சுட்டு. ரெண்டுக்கும் ஒரே விளக்கு.”

“மஞ்சள்?”

“அது பாதிப் பசியில கிடந்துது.”

“கெட்டுப்போகலையா?”

“ஒரு குறையும் இல்ல.”

அவர் மஞ்சள் பொட்டு வைத்த பேட்டரியை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டார். கட்டைவிரலால் அந்தப் பொட்டைத் தடவினார். எத்தனை நிதானமான கை வைத்த பொட்டு. கொஞ்சம்கூட வெளியே வழியவில்லை.

பியூலா அலமாரியிலிருந்து ஒரு சார்ஜரை எடுத்து வைத்தாள். நாலு குழி. ஒவ்வொரு குழிக்கும் ஒரு விளக்கு.

“ஒவ்வொண்ணையும் தனித்தனியா பாக்கும். மெதுவாத்தான் ஏத்தும், அவசரப்படாது.”

“பேட்டரி?”

“இருக்கதே போதும்.”

அவர் நாலு பேட்டரியையும் கைக்குட்டையில் வைத்து முடிந்தார். மூன்று சிவப்பு ஒரு முடிச்சு. மஞ்சள் தனியாக ஒரு முடிச்சு. ஃபிளாஷைப் பையில் போட்டு, புதுச் சார்ஜரைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். வாசலில் ஒரு செருப்பை மாட்டினார். மறு செருப்பை மாட்டாமல் அப்படியே நின்றார்.

“டீச்சர்.”

“சொல்லுங்க.”

“அவன் வீட்டு வாசல்ல போய் நின்னு, நான் என்னன்னு சொல்ல?”

பியூலா மறுபடி ஃபிளாஷுக்குள் குனிந்திருந்தாள்.

“இப்ப என்கிட்ட கத்தினீங்கள்லா, அவரு சொன்ன அதே வார்த்தை. அதைச் சொல்லுங்க.”

“சரி டீச்சர்.”

“இதே சத்தத்துல சொல்லணும்.”