சிட்டுக்குருவியின் தொண்டைக்குக் கரி வந்த விதம்

பறவை பேசினால் மனிதனுக்கும் புரிந்த அந்தக் காலத்தில், வெண்மணல்துறை என்று ஒரு கடற்கரைப் பட்டினம் இருந்தது. பல நாட்டுக் கப்பல்கள் அங்கே வந்து நங்கூரம் போடும். காற்று திசை மாறினால்தான் திரும்பிப் போக முடியும் என்பதால், மாலுமிகள் மாதக்கணக்கில் கரையிலேயே கிடப்பார்கள். நாள் செல்லச் செல்ல அவர்களுக்கு வீட்டு நினைப்பு வந்துவிடும். வீட்டு நினைப்பு வந்தவன் முதலில் தேடுவது வீட்டுச் சாப்பாட்டைத்தான்.

அப்படித் தேடியவர்களுக்காகத் துறைமுகத்தின் ஓரத்தில் பவளாயி என்பவள் ஒரு பெரிய மண் அடுப்பைக் கட்டியிருந்தாள். ஓர் ஆள் குனிந்து நுழையும் அளவுக்கு அதற்கு வாய் இருந்தது. புகை போக மேலே ஒரு சின்னத் துளை. உங்கள் ஊரில் எப்படிச் செய்வீர்கள் என்று கேட்டுக் கேட்டு அவள் கற்றுக்கொண்டாள். பாரசீகத்தான் முழ நீள ரொட்டியை விரல் நுனியால் குழி குழியாக அழுத்தி எள் தூவச் சொல்லிக்கொடுத்தான். போர்த்துக்கல்காரன் கை ஓயும்வரை முட்டையை அடிக்கச் சொன்னான். அப்போதுதான் கேக் பஞ்சு போல எழும்புமாம். சீனர்கள் பயற்றுப் பூரணம் வைத்து, மர அச்சில் பூவாக அழுத்தி வேகவைத்தார்கள். மிசிறு என்னும் எகிப்து தேசத்தாருக்குப் பேரீச்சம்பழம் பொதிந்த பிஸ்கட்டு. வடக்கே பனி விழும் நாட்டிலிருந்து வந்த கிழக் கப்பல் தலைவன் ஒருவன் கறுப்பு ரொட்டி சுட்டு, அதன் தலையில் குழி தோண்டி உப்பு வைத்தான். வாசலுக்கு வருகிறவருக்கு அதைத்தான் முதலில் நீட்டுவோம் என்றான்.

பவளாயிக்கு அது வியப்பாக இருந்தது. மாவு வேறு, பேச்சு வேறு, ஆனால் இது யாருக்காக என்று கேட்டபோது எல்லாரும் ஒரே பதிலைத்தான் சொன்னார்கள். வருகிறவர்களுக்காக என்றார்கள்.

துறையை ஆண்டவன் வல்லாளன். அவனுக்கு விருந்து வைப்பதில் ஆசை உண்டு. அதற்கு ஒரு சட்டமும் உண்டு. கரையேறுகிறவன் பட்டோ மிளகோ முத்தோ ஏதாவது ஒன்றை அவன் காலடியில் வைக்க வேண்டும். வைத்தவன் விருந்தாளி. வைக்காதவன் தண்ணீர்கூடக் கேட்கக் கூடாது.

ஒருமுறை கப்பல் தலைவர்கள் எல்லாருக்கும் வல்லாளன் பெருவிருந்து வைத்தான். பவளாயி இரவும் பகலும் சுட்டு, எல்லா நாட்டுப் பலகாரத்தையும் அடுப்புக்குள்ளேயே சூடாக அடுக்கி வைத்திருந்தாள். அன்று விடிந்தபோது கடல் பதினொரு பேரைக் கரையில் தள்ளிவிட்டுப் போனது. கப்பல் உடைந்து மரக்கட்டையைப் பிடித்து மிதந்து வந்தவர்கள். அவர்களுடைய பேச்சு யாருக்கும் புரியவில்லை. எந்த நாடு என்றும் தெரியவில்லை. ஒருத்தி மார்போடு ஒரு குழந்தையைக் கட்டியிருந்தாள். அது அழக்கூடத் தெம்பில்லாமல் கிடந்தது.

பவளாயி ஒரு கூடையை எடுத்துக்கொண்டு அடுப்பைத் திறக்கப் போனாள். வல்லாளன் தடுத்தான்.

"அவர்கள் என்ன கொண்டு வந்தார்கள்?"

"பசியைக் கொண்டு வந்திருக்கிறார்கள், ஐயா."

அவன் சிரிக்கவில்லை. பந்தியில் பரிமாறும்வரை ஒரு துணுக்கும் வெளியே போகக் கூடாது என்று சொல்லி, அடுப்பின் வாயைப் பலகையால் மூடிக் களிமண் பூசச் செய்தான். ஈர மண்ணில் தன் முத்திரையைப் பதித்தான். அடுப்பிலிருந்து ரொட்டி எடுக்கும் பவளாயியின் இரும்புத் துடுப்பைப் பிடுங்கிச் சுவரில் சாய்த்துவிட்டு இரண்டு காவலர்களை நிறுத்தினான். பட்டினத்து மக்கள் பார்த்தார்கள். பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

கரையோர முட்புதரில் ஒரு சிட்டுக்குருவியும் அதன் பேடும் இருந்தன. அந்நாளில் சிட்டுக்குருவிகள் மனிதர் வீட்டுப் பக்கமே போகமாட்டா, அவ்வளவு பயம். நடந்ததையெல்லாம் பார்த்த பேடு சொன்னது: "அந்தப் புகைத்துளைக்குள் அவர்களால் நுழைய முடியாது. நம்மால் முடியும்."

"அது யானைக்கு ஊட்டுகிற வேலை. என் அலகில் எவ்வளவு பிடிக்கும்?"

"அந்தக் குழந்தையின் வாயில் எவ்வளவு பிடிக்கும்?"

ஆண் குருவி நேராகப் பறந்து புகைத்துளைக்குள் இறங்கியது. உள்ளே தணல் இன்னும் அவியவில்லை. சூடு கண்ணைக் கட்டியது. துளையின் சுவரில் விரல் கனத்துக்குக் கரி படிந்திருந்தது. அலகுக்கு எட்டிய கேக்கைக் கொத்திக்கொண்டு மேலே ஏறியது. பேடு கடற்கரையிலேயே நின்று, அது கொண்டு வந்து போட்டதை மணல் ஊற்றுத் தண்ணீரில் நனைத்துக் குழந்தைக்கு ஊட்டியது. மறுபடி ரொட்டி, மறுபடி பேரீச்சம்பழம். சூரியன் உச்சிக்கு வருவதற்குள் குருவி அறுபது தடவை போய் வந்தது. குழந்தை அழத் தொடங்கியது. அந்த அழுகையைக் கேட்டுத்தான் காவலர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். அடுத்த முறை துளையைவிட்டு வெளியே வந்த குருவியை வலையில் பிடித்தார்கள்.

விருந்துப் பந்தலில், கப்பல் தலைவர்கள் எல்லாரும் பார்க்க, வல்லாளன் முன் அதைக் கொண்டு போய் வைத்தார்கள். வெள்ளையாக இருந்த அதன் தொண்டை முழுவதும் கரியாகியிருந்தது. அலகோரத்து இறகு கருகியிருந்தது. சின்ன உயிரைக் கொன்றால் தன் விருந்துக்கு அழகில்லை என்று வல்லாளன் நினைத்தான் போலும். ஒரு கிண்ணத்தில் தண்ணீர் கொண்டுவரச் சொன்னான். கரியைக் கழுவிக்கொண்டு, தெரியாமல் செய்துவிட்டேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், ஆயுள் முழுதும் தன் பந்தியிலேயே தானியம் தின்னலாம் என்றான்.

குருவி கிண்ணத்தைப் பார்த்தது. அதற்குத் தாகமும் இருந்தது.

"தெரிந்துதான் போனேன்" என்றது. "கழுவிவிட்டால் போகவில்லை என்று ஆகிவிடும். நான் போனேன். நாளைக்கும் போவேன்."

"இது என் அடுப்பு."

"அடுப்பு உங்களுடையதாக இருக்கட்டும். பசி உங்களைக் கேட்டுக்கொண்டு வருவதில்லை. நானும் கேட்டுக்கொண்டு வரமாட்டேன்."

பவளாயி அடுப்படியிலிருந்து அதைக் கேட்டாள். அறுபது தடவை அந்தக் குருவி தன் தலைக்குமேல் போய் வந்ததை அவள் பார்த்துக்கொண்டுதான் நின்றாள். வெட்கம் அவளைத் தின்றது. சுவரில் சாய்ந்திருந்த இரும்புத் துடுப்பை எடுத்தாள். காவலன் ஒருவன் கையை நீட்டினான். "பிடித்துப் பார்" என்றாள். அவன் பிடிக்கவில்லை. இரண்டே அடியில் முத்திரையும் களிமண்ணும் பலகையும் உடைந்து விழுந்தன.

வெந்த மாவின் மணம் பந்தல்வரை போயிற்று. பனி நாட்டுக் கிழவன் முதலில் எழுந்தான். தன் ஊர்க் கறுப்பு ரொட்டியை உப்போடு எடுத்துக்கொண்டு கடற்கரைக்கு நடந்தான். பாரசீகத்தான் பின்னால் போனான், பிறகு மற்றவர்கள். பந்தலில் வல்லாளனும் நாற்பது வெறும் இலைகளும்தான் மிச்சம். வலைக்கயிற்றை யாரோ அறுத்துவிட்டிருந்தார்கள்.

கரையில் கூடையும் தட்டும் போதவில்லை. யாருடைய ஊர்ப் பலகாரம் எது என்று பார்க்க நேரமில்லாமல், எல்லாவற்றையும் ஒரே தட்டில் கலந்து நீட்டினாள் பவளாயி. அந்தப் பதினொரு பேரும் சாப்பிட்டார்கள். அதற்குப் பிறகு பட்டினத்து மக்களும் ஒவ்வொருவராக வந்து மணலில் உட்கார்ந்தார்கள். காலடியில் காணிக்கை வைக்கும் சட்டத்தை வல்லாளன் நீக்கவில்லை. ஆனால் மறுநாளிலிருந்து ஒருவரும் அதை மதிக்கவும் இல்லை.

அன்று முதல்தான், வந்தவருக்குப் பலகாரம் வைக்கிறவர்கள் பல வகையையும் ஒரே தட்டில் கலந்து வைக்கிறார்கள். பேட்டின் தொண்டை வெளுப்பாகவே இருக்க, ஆண் சிட்டுக்குருவியின் தொண்டையில் மட்டும் எத்தனை மழையில் நனைந்தாலும் போகாத கரி நின்றுவிட்டது. அது இன்றுவரை எந்த வீட்டுக்குள்ளும் யாரிடமும் கேட்டுக்கொண்டு நுழைவதில்லை.